கல்யாணத்துக்கு நீ வாங்கிய சைக்கிள்

தம்பி,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. பக்கத்து அறையில் உன் அப்பா பத்திரிகைகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றையும் ஃபேன் காற்றில் காயவைத்து, மறுபடி எண்ணி, உறைக்குள் போடுகிறார். அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நிவேதா தனியாக என்னைப் பார்க்க வந்தாள். உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று என்னிடமே கேட்டாள். ஒரு தரத்துக்கு நாலு தரம் யோசித்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். பெற்ற தாய் இப்படிச் சொல்வாளா என்று உனக்குத் தோன்றும். சொல்வாள். அவளுக்கு உன்னை ஒன்றரை வருஷமாகத்தான் தெரியும், எனக்கு முப்பத்தொரு வருஷமாகத் தெரியும். இந்த வீட்டில் உன்னைப் பற்றிப் பொய் சொல்லி ஒரு பெண்ணை இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

அவள் கேட்டதில் தப்பும் இல்லை. கூறைப்புடவை எடுக்கப் போகும் முன்பே நீ கல்யாணப் பரிசு எடுத்துவிட்டாய். பெங்களூரில் யாரோ ஓட்டி முடித்து விற்ற, நேரத்தோடு தனியாகப் போட்டியிடும் டைம் ட்ரையல் பந்தயத்துக்கான சைக்கிள். கார்பன் சட்டம், முன்கையை மெத்தையில் ஊன்றிக் குனிந்துகொள்ள முன்னால் இரண்டு நீட்டுக் கம்பிகள், ஆரங்களே தெரியாமல் தட்டு மாதிரி மூடிய பின்சக்கரம். அதை முதலில் நம் வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் நிறுத்திக் காட்டினாய். நிவேதா உயரத்துக்கு இது பெரிதாக இல்லையா என்று கேட்டேன். "ஒன் சைஸ்தான் பெருசும்மா. ரீச் ஜாஸ்தியா இருந்தா முதுகு ஃப்ளாட்டா வரும். ஷி வில் அடாப்ட்" என்றாய். இந்த நிறத்தில் இந்த விலைக்கு இன்னொன்று கிடைக்காது என்றும் சொன்னாய். பெண்ணை அளந்து நீ சைக்கிள் வாங்கவில்லை, கிடைத்த சைக்கிளுக்குத் தகுந்தபடி பெண்ணை இழுத்து நீட்டுகிறாய். அவளுக்குக் கை எட்டவில்லை. முன்கையைத் தாங்க வேண்டிய மெத்தை, முழங்கை எலும்பிலேயே போய் அழுத்துகிறது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய் ஆறு வாரம் ஆகிறது. தார்னாகாவில் காலை முதல் சாயங்காலம் வரை அடுத்தவர் வாய்க்குள் கருவியை விட்டு வேலை பார்க்கிற பல் டாக்டர் அவள். அவளுக்கு விரல் மரத்தால் என்ன ஆகும் என்று உனக்கு யாரும் விளக்க வேண்டாம். நீ அவளுக்குச் சொன்ன வைத்தியம், மெத்தையை ஐந்து மில்லிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கலாம் என்பது.

இந்தப் புத்தியை உனக்குக் கொடுத்தவள் நான்தான், அதை மறைக்கவில்லை. உனக்குப் பதினைந்து வயது முடிந்தபோது முதல் ரேஸ் சைக்கிள் வாங்கப் போனோம். கடைக்காரர் உன்னைச் சுவரோரம் நிறுத்தி, காலின் உள்பக்க உயரத்தை அளந்து, ஒரு சின்னச் சட்டத்தை எடுத்து வைத்தார். நான் அதைத் தள்ளிவிட்டுப் பெரியதைக் காட்டச் சொன்னேன். "வேண்டாம் மேடம், பையன் கஷ்டப்படுவான்" என்று தெலுங்கில் சொல்லிப் பார்த்தார். வளர்கிற பையன் என்று வாயை அடைத்தேன். விருதுநகரில் எங்களுக்குப் பள்ளிக்கூடப் பாவாடை தைக்கும்போது உள்ளே நாலு விரல் மடிப்பு விட்டுத் தைப்பார்கள், வருஷா வருஷம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். உன் யூனிஃபார்மும் அப்படித்தான் எடுத்தேன், உன் செருப்பும் அப்படித்தான். ரேஸ் சைக்கிளையும் அதே புத்தியோடு வாங்கினேன். நீ வளரவில்லை. உன் அப்பாவைப் போலவே ஐந்தடி ஐந்தங்குலத்தில் நின்றுவிட்டாய். அதையும் உன் குற்றமாகத்தான் ஊர் முழுக்கச் சொன்னேன். மூன்று வருஷம் சீட்டின் நுனியில் தொங்கிக்கொண்டு ஓட்டினாய். கழுத்து வலிக்கிறது என்று நீ சொன்னபோதெல்லாம், தலையணை இல்லாமல் படுத்தால் சரியாகிவிடும் என்றேன். எனக்கு அப்போதும் சைக்கிள் ஓட்டத் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனாலும் உனக்கு வரிசையாக நாலு சைக்கிள் நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு தடவைகூட உன்னைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகள் உனக்கு நினைவிருக்கும். வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் பிளாஸ்டிக் கூம்புகள் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவார்கள். பக்கத்தில் ஓட்ட ஆள் கிடையாது, காற்றுக்கு ஒதுங்கி முதுகுக்குப் பின்னாலேயே போக முன்னால் ஆள் கிடையாது. கடிகாரம் மட்டும்தான். அந்த விளையாட்டு எனக்கு ஏன் பிடித்தது என்றால், அதில் சாக்குச் சொல்ல இடமில்லை. கிரிக்கெட்டில் அம்பயரைத் திட்டலாம், பரீட்சையில் வாத்தியாரைத் திட்டலாம். இதில் நீ நேரம் எடுத்தால், நீதான் எடுத்தாய். உன்னைத் திட்டுவதற்கென்றே யாரோ கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன். காரில் உன் பின்னாலேயே வந்து, திருப்பத்துக்கு முன்னால் கண்ணாடியை இறக்கி, "என்னடா மார்க்கெட்டுக்கா போற" என்று கத்தியிருக்கிறேன். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் ஃபிளாஸ்கில் காப்பி கொண்டு வருவார்கள். நான் ஸ்டாப்வாட்ச் கொண்டு வந்தேன்.

இருபத்தேழு வருஷம் பட்டான்செருவில் மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவளுக்கு எதையும் எடை போட்டால்தான் நம்பிக்கை வரும். அங்கே கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட மேடைத் தராசை எடுத்துவந்து, பாத்ரூம் வாசலில் போட்டேன். மாதம் ஒரு முறை படிக்கற்களை வைத்துச் சரிபார்த்தேன். ஒரு நோட்டு போட்டு, தேதி, நேரம், எடை, செய்தவர், சரிபார்த்தவர் என்று கோடு கிழித்தேன். தொழிற்சாலையில் எதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். காலை ஐந்தரைக்கு நீ ஜட்டியோடு ஏறி நிற்பாய், நான் படித்துச் சொல்வேன், உன் அப்பா தூக்கக் கலக்கத்தில் வந்து சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவார். பதினாறு வயதுப் பையன் அம்மா அப்பா இரண்டு பேர் முன்னால் அப்படி நிற்பது எவ்வளவு கேவலம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் உன்னைப் பார்க்காமல் நோட்டை மட்டும் பார்த்தார். நான் நன்றாகப் பார்த்தேன். தொடையில் ஒரு சுற்று போட்டிருக்கிறாய் என்று சொல்லவும் செய்தேன். சைக்கிளில் ஒரு கிலோ குறைக்க எவ்வளவோ செலவாகும், உன் வயிற்றில் குறைக்கக் காசே வேண்டாம் என்று உன் சித்தி குடும்பம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும்போது சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

ஒரு திங்கட்கிழமை முந்நூறு கிராம் கூடியிருந்தது. வீட்டுச் சாப்பாட்டில் அது வர வழியில்லை, ஏனென்றால் வீட்டுச் சாப்பாட்டை நான் அளந்துதான் வைத்தேன். உன்னை விட்டுவிட்டு உன் அப்பாவை விசாரித்தேன். ஐந்து நிமிடத்தில் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் முடிந்து, நான் கடைக்குப் போன நேரத்தில், ராமச்சந்திராபுரம் பேக்கரியில் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு முட்டை பஃப்ஸ் சாப்பிட்டிருக்கிறீர்கள். "புள்ள பசியோட இருந்தான்ம்மா, மொகமே சுண்டிப்போச்சு" என்றார். அவரையும் தராசில் ஏறச் சொன்னேன். ஐம்பது வயது மனுஷன் ஏறி நின்றார். அவருடைய எடையையும் நோட்டில் எழுதி, சரிபார்த்தவர் இடத்தில் உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். நீ போட்டாய். அதற்கப்புறம் அப்பாவும் நீயும் சேர்ந்து எங்கேயும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அந்த நோட்டில் அந்தப் பக்கத்தை இன்றைக்குக் காலையில் எடுத்துப் பார்த்தேன். உன் கையெழுத்து கோணலாக இருக்கிறது.

இப்போது சொல்லப் போவது உனக்குத் தெரியாது. நீ ஓட்ட ஆரம்பித்த இரண்டாவது வருஷம், சைனிக்புரியிலிருந்து ஓர் ஓய்வு பெற்ற ராணுவக்காரர் வருவாரே, வேலூர்க்காரர், பழைய இரும்புச் சைக்கிளில் ஓட்டி உன்னைவிட அரை நிமிடம் முன்னால் வந்தவர். அவர் வயதைச் சொல்லி உன்னை நான் ஒரு வாரம் வதைத்தேன். அடுத்த ரேஸில் அவரே என்னிடம் வந்தார். "மேடம், பையன சைக்கிள்ல உக்கார வச்சு முன்னாடி இருந்து ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க. பெரிய சைக்கிளு, நெஞ்சு கதவு மாதிரி தெறந்து கெடக்குது. காத்து பூரா அதுலதான் முட்டுது. இந்த ரோட்டுல மேடே இல்ல. சண்ட காத்தோடதான், எடையோட இல்ல. நல்லா சோறு போடுங்க, சைக்கிள மாத்துங்க" என்றார். நான் கெமிஸ்ட், எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும். வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டும் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சமதளத்தில் உன் இரண்டு கிலோவுக்குச் சில நொடிகள்தான் மதிப்பு. நான் உன்னை ஒரு வருஷம் பட்டினி போட்டது சில நொடிகளுக்கு.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நீ வழக்கம்போல எழுந்து வந்து தராசில் ஏறினாய். நான் நோட்டை எடுத்தேன். இன்னும் இரண்டரை வருஷம் எடுத்தேன். ஏன் என்று கேட்பாய். நீ அப்போது என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாய். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாய், தெலுங்கில் கேட்டால் இங்கிலீஷில் ஒற்றை வார்த்தை வரும், அதற்கும் மேல் கேட்டால் கதவு சாத்தும் சத்தம் வரும். அந்தத் தராசின் மேல் நிற்கும் ஒரு நிமிடம் மட்டும்தான் நீ எனக்கு அடங்கி நின்றாய். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்தாய். அது எனக்குப் பிடித்திருந்தது, தம்பி. ரேஸுக்காக இல்லை, உன் நல்லதுக்காக இல்லை. உன் நல்லதுக்கு என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய்.

அது எங்கே போய் முடிந்தது என்று உன் தோள் எலும்பில் எழுதியிருக்கிறது. பத்தொன்பது வயதில், திருப்பத்துக் கூம்புக்குப் பக்கத்தில் கண் இருட்டி விழுந்தாய். முந்தின நாள் ராத்திரி ஒரு கப் மோரும் வெள்ளரிக்காயும்தான் கொடுத்திருந்தேன். ஆட்கள் ஓடி வந்து தூக்கினார்கள், உன் அப்பா செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார். நான் நேரம் குறிப்பவரிடம் போய், திருப்பம் வரை என்ன டைம் என்று கேட்டேன். அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அப்புறம் ஆம்புலன்ஸில் ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல டைம் போட்டுக்கொண்டிருந்தாய், கெடுத்துவிட்டாய் என்றேன். நீ "ஸாரிம்மா" என்றாய். எலும்பு உடைந்தவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் தராசை நானே தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். நீ கச்சிபௌலியில் வேலைக்குப் போனாய், பதினான்காவது மாடியில் வீடு எடுத்தாய், உன் சம்பளத்தில் உன் அளவுக்குச் சைக்கிள் வாங்கினாய். நானில்லாமல் நன்றாக ஓட்டுகிறாய் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். விட்டது பீடை என்று நினைத்தேன். போன மாதம் நீயும் நிவேதாவும் சாப்பிட வந்தீர்கள். அவள் இரண்டாவது வடைக்குக் கை நீட்டினாள். நீ பேச்சை நிறுத்தாமல், அவளைப் பார்க்காமல், தட்டைத் தள்ளி என் பக்கமாக வைத்தாய். "ரேஸ் வீக்" என்றாய். அவள் சிரித்தாள். உன் சித்தி வீட்டுச் சாப்பாட்டில் நீ சிரித்தாயே, அதே சிரிப்பு. வாயைத் திறந்து உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றி, வடைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சைக்கிள் வாங்குவதில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் தப்பு செய்து கற்றதுதான், ஆனாலும் கேட்டுக்கொள். முதலில் ஆளை அளக்க வேண்டும், அப்புறம்தான் சைக்கிளைப் பார்க்க வேண்டும். கிடைத்ததே என்று பெரிய சட்டத்தை வாங்கிவிட்டு, கைப்பிடித் தண்டை மாற்றி, சீட்டைத் தள்ளி, மெத்தையை நகர்த்திச் சமாளிப்பது கோணலாகத் தைத்த சட்டைக்குப் பட்டன் மாற்றுவது போல. அளவு சரியாக இருந்தால் பழைய சாதா சைக்கிளிலேயே இரண்டு நீட்டுக் கம்பியை மாட்டி ஓட்டலாம், பாதிப் பேர் அதற்குமேல் போகத் தேவையே இல்லை. அடுத்தது, குனிந்த நிலையில் ஒரு மணி நேரம் வலியில்லாமல் இருக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இருக்க முடியாத குனிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோஜனமில்லை, பத்தாவது நிமிடம் தலையைத் தூக்கிவிடுவார்கள். உடம்போடு ஒட்டிய உடுப்பு, காற்றில் படபடக்காமல் இருந்தால் போதும், மூச்சுவிடவும் வேண்டும். நல்ல டயர். தலைக்குச் சரியாக உட்காரும் ஹெல்மெட். அந்தத் தட்டுச் சக்கரமெல்லாம் கடைசி. ஐம்பது கிலோகூட இல்லாத பெண்ணை, லாரி கடக்கும்போது பக்கக் காற்று அடிக்கிற ரோட்டில், காற்றைப் பிடிக்கும் அகல விளிம்பு வைத்த முன்சக்கரத்தோடு அனுப்புகிறவன் அவள் நேரத்தை மட்டும்தான் யோசித்திருக்கிறான். நீ எல்லாம் படித்தவன், இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உன் சைக்கிளுக்கு இதில் ஒன்றையும் தப்பாகச் செய்யவில்லை. அவளுடையதில் மட்டும் வரிசையாக எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறாய். தெரியாமல் செய்தால் திருத்தலாம். நீ தெரிந்து செய்கிறாய் என்பதுதான் என் பயம். அவள் முயற்சி செய்து, முடியாமல், உன்னிடம் வந்து கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறாயோ என்று பயம். எனக்கு அந்த ருசி தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவள் மெட்டுகூடாவிலிருந்து ரயிலேறி, லிங்கம்பள்ளியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். மூன்று தலைமுறை ரயில்வே காலனிப் பெண், ரயில் இருக்கும்போது கேப் பிடிக்கமாட்டாள். இட்லி வைத்தேன். இரண்டு சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதை எடுக்கும்முன் என் முகத்தைப் பார்த்தாள். பல் டாக்டர், சொந்தமாகச் சம்பாதிக்கிற பெண், என் வீட்டில் ஓர் இட்லிக்கு அனுமதி கேட்பது போலப் பார்த்தாள். மூன்றாவதோடு நாலாவதையும் நானே எடுத்து வைத்தேன்.

"அத்தை, நான் ஸ்ட்ரெய்ட்டாவே கேக்கறேன். காலைல ஆறு மணிக்குள்ள வெயிட்டு பாத்து அவரு ஷீட்டுல போடணும். கொறஞ்சா பச்ச, ஏறுனா செவப்பு. செவப்பு வந்தா அன்னைக்கு அவரு ஃபோனு எடுக்க மாட்டாரு" என்றாள்.

"திட்டுவானா?"

"நக்கோ அத்தை, திட்ட மாட்டாரு, திட்டுனாகூட பரவால்ல. சும்மா இருப்பாரு. சாயங்காலம் வரைக்கும் நான் என்ன தப்பு செஞ்சேன்னு நானே யோசிச்சுட்டு இருப்பேன். எனக்கு சைக்கிளு ரொம்ப இஷ்டம். அதுலதான் அவரப் பாத்தேன். இப்ப ஞாயித்துக்கிழம வருதுன்னாலே முந்துன ராத்திரி அலாரத்த ஆஃப் பண்ணிடலாமான்னு பாக்கறேன். கைக்கு அத்தை, கைக்கு இப்படி இருக்காரு?"

ஏன் இப்படி இருக்கிறான் என்று அந்தக் காலனி இந்தியில் கேட்டுவிட்டு, வலது கையைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். "நிச்சயத்துல அவரு போட்ட மோதிரம் இந்த வெரல்லதான் இருக்கு. இருக்கா இல்லையான்னே தெரியல. கண்ணால பாத்துதான் தெரிஞ்சுக்கறேன்."

கை மரத்தது பற்றி அவனிடம் சொன்னாயா என்று கேட்டேன். மூன்று தடவை சொன்னாளாம். நீ மூன்று தடவையும் ஒரே பதில் சொல்லியிருக்கிறாய், அட்ஜஸ்ட்மென்ட் என்று. அதற்கப்புறம் நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யூனிஃபார்ம் மாதிரி வாங்கிய சைக்கிள், தராசு, இரண்டு கையெழுத்து நோட்டு, முட்டை பஃப்ஸ், வேலூர்க்காரர் சொன்னது, அதற்கப்புறமும் நான் நிறுத்தாதது, ஆம்புலன்ஸில் நீ கேட்ட மன்னிப்பு, எல்லாம். உன்னைப் பாவம் என்று அவள் நினைக்கட்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பேச்சே வேண்டாம். பாவம் பார்த்துக் கல்யாணம் செய்தால் அவளும் உன் அப்பா மாதிரி சரிபார்த்தவர் இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டுவாள்.

"அப்ப மாற மாட்டாரா?" என்றாள்.

"தானா மாற மாட்டான்ம்மா. நான் மாறலையே. எலும்பு ஒடஞ்சப்புறந்தான் மாறினேன், அதுவும் என் எலும்பு இல்ல, அவன் எலும்பு. இன்னும் மூணு வாரம் கெடக்கு. வேணாம்னு தோணுனா இப்பவே சொல்லிரு. மண்டபக்காரன், பந்தல்காரன், சொந்தக்காரன் எல்லாத்துக்கும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவள் அழவில்லை. சாம்பார் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். கை கழுவிக்கொண்டு வந்து, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொன்னாள். "ஞாயித்துக்கிழம டைம் ட்ரையல் இருக்கு அத்தை. அவரு வாங்கிக் குடுத்தத நான் எடுத்துட்டு வரமாட்டேன். என் பழைய சைக்கிள்ல வரேன். அந்த டைட் சூட்டும் கெடையாது, டீஷர்ட்டுதான். வயிறு நெறைய சாப்ட்டுட்டு வரேன். ஸ்டார்ட்ல எப்பவும் அவருதான் என் சீட்ட புடிச்சுக்கிட்டு நிப்பாரு. என்னப் பாத்ததும் அவரு வாயில மொதல்ல என்ன வருதுன்னு பாக்கறேன். கை எப்படி இருக்குன்னு கேட்டா போதும், மத்ததெல்லாம் நாங்க பேசித் தீத்துக்குவோம். அந்த சைக்கிளு எங்கன்னு கேட்டா, மோதிரத்த அங்கயே கழட்டி அவரு கைல குடுத்துருவேன்."

"குடுத்துட்டு வந்துருவியா?"

"ஹவ், குடுத்துருவேன். ஆனா ரேஸ முடிச்சுட்டு வருவேன். என்ட்ரி போட்டாச்சு, அத கைக்கு விடணும்?" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்து, உன்னிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்றேன்.

இன்றைக்கு வியாழக்கிழமை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று தடவை ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி போதும், ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்ததும் முதலில் கையைப் பற்றிக் கேள் என்று. நீ கேட்பாய். குரலைத் தாழ்த்தி, முகத்தைச் சுளித்து, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, அருமையாகக் கேட்பாய். சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்வதில் உன்னை மிஞ்ச ஆளில்லை, அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். கல்யாணமும் நடந்துவிடும், சொந்தக்காரர்கள் முன்னால் என் மானமும் நிற்கும். நாற்பது வருஷம் அந்தப் பெண் மூன்றாவது இட்லிக்கு முகத்தைப் பார்ப்பாள். உன்னைப் பெற்ற எனக்கு உன் கல்யாணம் நடக்க வேண்டும் என்று ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன், மூன்று தடவையும்.

அதனால் இதைத் தபாலில் போடவில்லை. திங்கட்கிழமை காலையில் உன் அப்பாவிடம் கொடுத்து, நேரில் உன் கையில் கொடுக்கச் சொல்வேன். நீ இதைப் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்கும். அவள் பழைய சைக்கிளோடு வந்து நின்றபோது நீ என்ன கேட்டாய் என்று எழுதும் எனக்குத் தெரியாது, படிக்கும் உனக்குத் தெரியும். மோதிரம் இன்னும் அவள் விரலில் இருந்தால், உன்னை நான் குறைவாக எடை போட்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஊரைக் கூட்டி என்னைப் பார்த்துச் சிரி, நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். அது உன் சட்டைப்பையில் இருந்தால், என்னைத் திட்டுவதற்கு ஃபோன் செய்யாதே, அதற்கு நாள் கிடக்கிறது. முதலில் அவளைக் கூப்பிட்டு, கை எப்படி இருக்கிறது என்று கேள். அவள் எடுக்கமாட்டாள். இருந்தாலும் கேள்.

அம்மா